முடி விற்ற நாடு கப்பல் கட்டியது எப்படி?

1960களில் தென் கொரியா உலகச் சந்தைக்கு அனுப்பிய சரக்குகளில் ஒன்று பெண்களின் தலைமுடி. வியாபாரிகள் ஊர் ஊராகப் போய் முடி வாங்கினார்கள். முதலில் அதை அப்படியே ஏற்றி அனுப்பினார்கள். பிறகு விக் ஆகவே தைத்து விற்கத் தொடங்கினார்கள். சீனாவிலிருந்து வரும் முடிக்கு அமெரிக்கா போட்டிருந்த தடையும் அவர்களுக்குக் கை கொடுத்தது. 1970 வாக்கில் அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விக் மூலமாகவே வந்தது. அதே நாடு 1974-ல் உல்சான் கடற்கரையில், உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்களின் வரிசையில் வைக்கத்தக்க ஒரு கப்பலைக் கட்டி முடித்தது. அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் அங்கே கப்பல் தளமே கிடையாது.

இடையில் என்ன நடந்தது என்ற கேள்வி என்னை வெகுகாலமாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பொருளாதாரம் பற்றி நான் வாசிப்பதெல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு ஏழை நாடு வேகமாக வளர்கிறதா, மெதுவாக வளர்கிறதா என்பது அங்கே பிறக்கும் குழந்தையின் ஆயுளைத் தீர்மானிக்கும் விஷயம். ஆண்டுக்கு 2 சதவீதம் வளரும் நாட்டின் வருமானம் இரட்டிப்பாக 35 ஆண்டுகள் ஆகும். 7 சதவீதம் என்றால் பத்தே ஆண்டுகள். முதல் நாட்டில் பேரன் காலத்தில் கிடைப்பது இரண்டாவது நாட்டில் அம்மாவுக்கே கிடைத்துவிடும்.

அப்படி வளர்ந்தவர்கள் மிகச் சிலரே. பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் தலைமையிலான வளர்ச்சி ஆணையம் 2008-ல் கணக்குப் பார்த்தபோது, 1950-க்குப் பிறகு 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ சராசரியாக 7 சதவீத வேகத்தில் வளர்ந்தவை என 13 பொருளாதாரங்களைத்தான் பட்டியலிட முடிந்தது. ஜப்பான், கொரியா, தைவான், சீனா, சிங்கப்பூர் ஆகியவை அதில் இருப்பது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். போட்ஸ்வானா, மால்டா, ஓமன், பிரேசில் ஆகியவையும் அதில் உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் பாய்ந்து ஓடிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்த நாடுகள் எத்தனையோ. பிரேசிலேகூட முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டு, 1980களின் கடன் நெருக்கடியில் சிக்கி நின்றுபோனது.

எதனால் வளர்ந்தார்கள் என்று கேட்டால் முதலில் வரும் பதில் மூலதனம். பணம் இருந்தால் எந்திரம் வாங்கலாம், சாலை போடலாம், மின் நிலையம் கட்டலாம். உண்மைதான், முதலீடே இல்லாமல் யாரும் வளரவில்லை. ஆனால் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1957-ல் அமெரிக்காவின் நாற்பதாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, தொழிலாளி ஒருவருக்கான உற்பத்தி கூடியதில் எட்டில் ஏழு பங்கை எந்திரங்களின் பெருக்கத்தால் விளக்க முடியவில்லை. அதே எந்திரத்தை, அதே ஆட்களை வைத்துக்கொண்டு முன்பைவிட அதிகமாகச் செய்யத் தெரிந்துகொண்டதுதான் அந்த மிச்சம். அடுத்து வரும் பதில் இயற்கை வளம். போட்ஸ்வானா 1966-ல் விடுதலை பெற்றது, 1967-ல் ஒராபாவில் வைரம் கிடைத்தது. ஊழலில் கரைக்காமல் அந்தப் பணத்தைப் பள்ளியாகவும் சாலையாகவும் மாற்றிய அந்த நாட்டின் நிர்வாகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அங்கே வேலையின்மை இன்றுவரை தீராத நோயாக இருக்கிறது. வைரச் சுரங்கம் அரசின் கஜானாவை நிரப்பும். லட்சக்கணக்கான கைகளுக்குத் தொழில் சொல்லித் தராது.

அந்தத் தொழில் கற்றலில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வேகமான வளர்ச்சி என்பது ஒரு நாட்டு மக்கள் பெருங்கூட்டமாக, குறுகிய காலத்தில், இதுவரை செய்யத் தெரியாததைச் செய்யக் கற்றுக்கொள்வது. மற்றவை எல்லாம் அதற்கு உதவினால் பலன் தரும், உதவாவிட்டால் வீண்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது கொரியாகூட அல்ல, வங்கதேசம். 1970களின் இறுதியில் அந்நாட்டில் ஏற்றுமதிக்கான ஆயத்த ஆடைத் தொழில் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதே சமயம் கொரியாவின் தேவூ நிறுவனத்துக்கு வேறொரு சிக்கல். பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா வைத்திருந்தன, கொரியாவின் கோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. வங்கதேசத்துக்கு அப்போது கோட்டாக் கட்டுப்பாடு இல்லை. நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி தொடங்கிய தேஷ் கார்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு தேவூ ஒப்பந்தம் போட்டது. 1979-ல் தேஷின் ஊழியர்கள் சுமார் 130 பேர் ஆறு மாதப் பயிற்சிக்காகக் கொரியாவின் பூசான் நகரத்துக்குப் போனார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

தையல் பழகுவதற்காக மட்டும் கடல் கடந்து போக வேண்டியதில்லை. ஏற்றுமதித் தொழிற்சாலை என்பது வேறு உலகம். எத்தனை அடுக்குத் துணியை ஒன்றாக வைத்து வெட்டினால் அளவு பிசகாது? காலர் தைப்பவர் வேகமாகவும் சட்டைக் கை தைப்பவர் மெதுவாகவும் இருந்தால் நடுவில் குவியும் துண்டுகளை எப்படிச் சமாளிப்பது? ஒரு லைனில் யாருக்குப் பின் யாரை உட்கார வைப்பது? எந்தக் கட்டத்தில் பிழையைப் பிடித்தால் மொத்தச் சட்டையையும் பிரிக்க வேண்டியிருக்காது? கப்பல் கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எந்த நாளில் நூல் வந்து சேர வேண்டும்? இவற்றில் எதையும் புத்தகத்தில் படித்துத் தேற முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, அவர் கையைப் பார்த்து, அவரிடம் திட்டு வாங்கித்தான் வரும்.

பணச் சிக்கலுக்கும் அப்போது வழி பிறந்தது. துணி வாங்கக் கையில் டாலர் இல்லாத முதலாளி, சட்டை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் தனக்குத் திறந்த எல்.சி.யையே (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) ஈடாகக் காட்டி, துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறக்கலாம். சட்டை கப்பலேறி, பணம் வந்ததும் துணிக்கான கடன் அதிலிருந்தே கழியும். கூடவே சுங்கக் கண்காணிப்பில் ஒரு கிடங்கு. ஏற்றுமதிக்கான துணி வரி கட்டாமல் உள்ளே வரும், சட்டையாக வெளியே போகும். கேட்பதற்குக் குமாஸ்தா வேலை போலத் தோன்றலாம். அந்த இரண்டு ஏற்பாடும் இல்லாமல் போயிருந்தால் ஏழை நாட்டின் சிறு முதலாளி யாரும் இந்தத் தொழிலுக்குள் கால் வைத்திருக்கவே முடியாது. வளர்ச்சி பற்றிய பேச்சில் பெரிய திட்டங்களின் பெயர்தான் அடிபடுகிறது. இப்படிப்பட்ட இரண்டு வங்கி, சுங்க விதிகள் செய்த வேலையை நான் பல ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு மேலாக வைப்பேன்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். பூசானில் பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் தேஷை விட்டு விலகினார்கள். சிலர் சொந்தமாகத் தொழிற்சாலை போட்டார்கள், சிலரைப் புது முதலாளிகள் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டார்கள். தேஷுக்கு அது இழப்பு, நாட்டுக்கு அதுவே விதைப்பு. இன்று வங்கதேசத்தின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடை, அதில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். சம்பாதிக்கும் மகளுக்கு வீட்டில் கிடைக்கும் குரலையும், அவள் தன் திருமணத்தைத் தள்ளிப்போட முடிவதையும் எந்த ஜி.டி.பி. கணக்கும் காட்டாது.

தொழிற்சாலைக்கு ஆள் வருவது வயலிலிருந்து. அந்த வயலில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டுக் கிழக்கு ஆசியாவைப் பற்றிப் பேசுபவர்களிடம் எனக்கு எப்போதும் மனத்தாங்கல் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயின்ட் லூசியாவில் பிறந்த பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954-லேயே எழுதினார்: வேளாண்மையில் தேவைக்கு மேல் ஆட்கள் தேங்கிக் கிடக்கிறார்கள், அவர்களை உற்பத்தித் திறன் கூடிய தொழிலுக்கு மாற்றுவதே வளர்ச்சியின் எஞ்சின். இதை வேகமாகச் செய்த நாடுகள் பலவும் முதலில் நிலப் பிரச்சினையைத் தீர்த்தன. கொரியாவில் பெரும்பாலான உழவர்கள் குத்தகைக்காரர்களாக, விளைச்சலில் பாதியை நிலக்கிழாருக்கு அளந்தவர்கள். 1949-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. குடும்பத்துக்குச் சுமார் 3 ஹெக்டேர் உச்சவரம்பு. நிலம் பெற்றவர் ஓராண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கை ஐந்து ஆண்டுகளில் அளந்து தீர்த்தால் போதும். நிலக்கிழார்களுக்கு இழப்பீடாகக் கொடுத்த கடன் பத்திரங்களின் மதிப்பைக் கொரியப் போர்க்காலப் பணவீக்கம் தின்று தீர்த்தது. தைவானில் 1949-ல் குத்தகைக்கு விளைச்சலில் 37.5 சதவீத வரம்பு, 1953-ல் உழுபவருக்கே நிலம். அங்கே நிலக்கிழார்களுக்கு இழப்பீட்டின் ஒரு பகுதியை அரசு நிறுவனப் பங்குகளாகக் கொடுத்து, அவர்களைத் தொழில் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

விளைச்சலில் பாதி போய்விடும் என்றால் யார் கூடுதலாக ஒரு சால் உழுவார்கள்? நிலம் தன்னுடையது ஆனதும் உழவர் உரம் போட்டார், வாய்க்கால் வெட்டினார், மிஞ்சிய காசில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார். 1950களின் இறுதிக்குள் கொரியாவில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் தொடக்கப் பள்ளியில் இருந்தார்கள். விக் ஆலைகளிலும் துணி ஆலைகளிலும் 1960களில் வந்து நின்றவர்கள் அந்தக் குழந்தைகள்தான். எழுத்தும் கணக்கும் தெரிந்தவர்கள்.

சீனாவில் அந்த மாற்றம் கீழிருந்தே வந்தது. 1978 குளிர்காலத்தில் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 உழவர்கள் இரவில் கூடி, கூட்டுப் பண்ணை நிலத்தை ரகசியமாகக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். தலைவர்கள் சிறைக்குப் போக நேர்ந்தால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பது என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. அந்த வரியைச் சாதாரணமாக என்னால் கடந்துபோக முடிவதில்லை. அடுத்த ஆண்டு விளைச்சல் பெருகியது, அரசு அதைத் தண்டிக்காமல் நாடு முழுக்கப் பரவவிட்டது. வியட்நாமில் 1988-ல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்தாம் எண் தீர்மானம் நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த அந்த நாடு அடுத்த ஆண்டே பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது.

இனி அரசின் பங்கு. வரிச்சுவர் எழுப்பி, மலிவான கடன் கொடுத்து, உள்நாட்டுத் தொழிலை வளர்க்க முயலாத நாடு அரிது. சில இடங்களில் அது பலித்தது, பல இடங்களில் முதலாளிகளைக் கொழுக்க வைத்ததோடு நின்றது. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், சலுகைக்குப் பதிலாக அரசு என்ன கேட்டது என்பதில்தான். 1960களின் பிற்பகுதியில் கொரிய வங்கிகளில் சாதாரணக் கடனுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. ஏற்றுமதியாளருக்கு மட்டும் 6 சதவீத அளவில். ஆர்டரைக் காட்டினால் கடன் உண்டு, காட்டாவிட்டால் இல்லை. அதிபர் பார்க் சுங் ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டத்தில் தானே உட்கார்ந்து, எந்தத் தொழில் இலக்கை எட்டியது, எது எட்டவில்லை என்று கேட்டார். ஏற்றுமதி ஒரு பரீட்சை மாதிரி. விடைத்தாளைத் திருத்துபவர் வெளிநாட்டு வாடிக்கையாளர், அவரிடம் சிபாரிசு செல்லாது. எந்த நிறுவனம் உண்மையில் கற்றுக்கொள்கிறது, எது அமைச்சரைப் பிடித்துக் காலம் தள்ளுகிறது என்பதை அரசு தெரிந்துகொள்ள அதைவிட நேர்மையான வழி கிடையாது.

இரண்டு கார் நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஹூண்டாய் 1975-ல் போனி காரைத் தயாரித்தபோது வடிவம் இத்தாலிக்காரருடையது, எஞ்சின் மிட்சுபிஷியுடையது. அடுத்த ஆண்டே ஈக்வடாருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் நட்டத்துக்கு விற்றதை உள்நாட்டில், பாதுகாக்கப்பட்ட சந்தையில், கூடுதல் விலை வைத்து ஈடுகட்டினார்கள். 1986-ல் அமெரிக்காவில் இறங்கிய எக்ஸெல் கார் முதல் ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு தரம் சரியில்லை என்று பெயர் கெட்டது. அந்தக் கெட்ட பெயர் அவர்களை உட்கார விடவில்லை. 1991-ல் சொந்த எஞ்சின், 1990களின் இறுதியில் அமெரிக்காவில் பத்தாண்டு உத்தரவாதம். மலேசியாவின் புரோட்டானும் மிட்சுபிஷி கைப்பிடித்துத்தான் 1983-ல் தொடங்கியது. அதற்கும் வரிப் பாதுகாப்பு தாராளமாகக் கிடைத்தது. ஆனால் உள்நாட்டுச் சந்தையே போதும் என்று இருக்க அரசு அனுமதித்தது. வெளிச் சந்தையில் தோற்றாலும் வாழலாம் என்ற நிலை. 2017-ல் அதன் 49.9 சதவீதப் பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குப் போனது. மலேசியப் பொறியாளர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் என்று நான் நம்பவில்லை. கற்றுக்கொள்ளாவிட்டால் மூடிவிடுவார்கள் என்ற பயம் அந்த நிறுவனத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

பார்க்கின் பெயரைச் சொன்னதுமே, சர்வாதிகாரம்தான் மருந்து என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். மொபுட்டுவும் மார்கோஸும்கூடச் சர்வாதிகாரிகள்தான். காங்கோவும் பிலிப்பைன்ஸும் எங்கே நின்றன என்பது தெரிந்த கதை. போட்ஸ்வானா தொடக்கம் முதலே தேர்தல் நடத்திய நாடு. மொரீஷியஸின் எதிர்காலம் இருண்டது என்று பின்னாளில் நோபல் பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் 1961-ல் எழுதினார். கரும்பை மட்டும் நம்பியிருந்த அந்தத் தீவு 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து, ஆடைத் தொழிலில் இறங்கி, ஓட்டுப்பெட்டியைக் கைவிடாமலே முன்னேறியது.

இந்த வளர்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சியோலின் ஆடைப் பட்டறைகளில் சிறுமிகள் காற்றோட்டமில்லாத, நிமிர்ந்து நிற்க முடியாத பரண்களில் நாளெல்லாம் தைத்தார்கள். தொழிலாளர் சட்டம் புத்தகத்தில் இருந்தது, பட்டறையில் இல்லை. 1970 நவம்பர் 13 அன்று ஜியோன் டே-இல் என்ற 22 வயது வெட்டுத் தொழிலாளி, அந்தச் சட்டத்தை அமல்படுத்தக் கேட்டு, ‘நாங்கள் எந்திரங்கள் அல்ல’ என்று முழங்கித் தீக்குளித்தார். 1979-ல் மூடப்பட்ட ஒரு விக் ஆலையின் பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். போலீஸ் உள்ளே புகுந்தது, ஓர் இளம் பெண் இறந்தார். நாட்டுக்கு முதல் டாலரைச் சம்பாதித்துக் கொடுத்த கைகள் அவை.

வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தார்கள். அதே கட்டடத்தில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மாடியில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் ஆட்களை உள்ளே வரச் சொன்னன, வராவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டின. வளர்ச்சிக்கு இதெல்லாம் தவிர்க்க முடியாதது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அது பொய். அடுத்த மாதமே வெளிநாட்டு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் தூண்களும் மின் கம்பிகளும் தீ வழிகளும் பரிசோதிக்கப்பட்டன. அதன் பிறகும் அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது. தூணைப் பலப்படுத்திய செலவில் எந்த நாடும் ஏழையாகிவிடவில்லை.

இதே பாதை இனி வருபவர்களுக்கும் திறந்திருக்கிறதா? கொரியா ஏறிய காலத்தில் தையலுக்கும் பொருத்தலுக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டார்கள். இன்று அதே வேலையில் ஒரு பகுதியை எந்திரம் செய்யும் ஆலைகள் வந்துவிட்டன. சீனாவோடு விலையில் போட்டி போடுவது அன்றைய ஜப்பானோடு போட்டி போடுவதைவிடக் கடினம். சேவைத் துறையைப் பிடித்து ஏறிவிடலாம் என்கிறார்கள். மென்பொருளும் கால் சென்டரும் படித்தவர்களுக்கு நல்ல வாழ்க்கை கொடுக்கின்றன. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற, வயலை விட்டு வெளியே வரத் துடிக்கும் ஒரு பெண்ணுக்கு அங்கே இடம் எங்கே என்று எனக்கு யாரும் இன்னும் காட்டவில்லை. அதனால் ஆலைகளின் காலம் முடிந்துவிட்டது என்று கை கழுவ நான் தயாராக இல்லை.

இப்போது நான் கண் வைத்திருப்பது வியட்நாம் மீது. 1986-ல் டோய் மோய் சீர்திருத்தம், 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் இடம், 2009-ல் பாக் நின் மாகாணத்தில் சாம்சங் செல்பேசி ஆலை. ஏற்றுமதி எண்ணிக்கை பிரமிக்க வைக்கிறது. ஆனால் அந்த ஏற்றுமதியில் ஏறத்தாழ 70 சதவீதம் அந்நிய நிறுவனங்களுடையது. செல்பேசியின் மதிப்பு மிகுந்த பாகங்கள் வெளியிலிருந்து வந்து, அங்கே பொருத்தப்பட்டு, வெளியே போகின்றன. தேஷில் நடந்ததும் அந்நியர் வழியாக வந்த கல்விதான், ஆனால் கற்றவர்கள் வெளியேறி உள்ளூரில் தொழிற்சாலை போட்டார்கள். பாக் நின் ஆலைகளில் லைன் சூப்பர்வைசராக இருப்பவர்களில் எத்தனை பேர் நாளை வெளியே வந்து அச்சு வார்க்கும் பட்டறையோ, சர்க்யூட் பலகை ஆலையோ தொடங்குவார்கள்? அவர்களுக்குக் கடன் கொடுக்க அங்கே வங்கி இருக்குமா, அவர்கள் செய்யும் முதல் பாகத்தைச் சோதித்துப் பார்க்கச் சாம்சங்கின் கொள்முதல் பிரிவு கதவைத் திறக்குமா? அடுத்த இருபது ஆண்டுகளில் வியட்நாம் கொரியாவின் வழியில் போகிறதா, அல்லது கூலிக்குப் பொருத்தித் தரும் நாடாக நின்றுவிடுகிறதா என்பதை ஜி.டி.பி. எண்ணைவிட இந்தப் பதில்கள் முன்னதாகவே காட்டிவிடும்.